நக்லேயைக் கொன்றது சமையலறை அல்ல

1

இந்தக் கதையை எழுத வைத்தது கோபம். வேறு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது. ஸஹ்லே என்ற அரபு மலையூரில், என் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் நடந்தது. அந்தச் சாப்பாட்டு மேசையில் நானும் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனும் இதில் சேர்த்தி.

முதலில் எழுதிய வரி: ‘மலை உச்சியில் பனி விழுந்துகொண்டிருந்த காலையில் நக்லே…’

அடித்துவிட்டேன். பனியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நல்ல வெயில். கீழ்வீட்டு நக்லே, முப்பத்திரண்டு வயது, எரிவாயு உருளையைச் சுமந்துகொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினான். இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு.

2

கதைக்கு வில்லன் வேண்டுமே என்று கொழுப்பை நிறுத்திப் பார்த்தேன். பாத்திரம் தேறவில்லை.

[கொலஸ்ட்ரால் இல்லாமல் உடம்பில் ஒரு செல்லுக்கும் சுவர் நிற்காது. சில ஹார்மோன்களுக்கும் பித்தநீருக்கும் அதுதான் மூலப்பொருள். கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் மிஞ்சியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதற்கு வாசல்களும் உண்டு. சில குடும்பங்களில் அந்த வாசல்களில் பாதி பிறவியிலேயே திறக்காது. மிஞ்சியது சின்ன வயதிலிருந்தே இதயக் குழாய்களில் படியும். பத்தியச் சாப்பாடு மட்டும் போதாது, மருந்து வேண்டும்.]

இந்த விவரமெல்லாம் யாருக்கு வேண்டும்? பழிபோட ஒரு ஆள் கைவசம் இருந்தாள். நக்லேயின் மனைவி சல்வா.

3

நக்லே இறந்த நாற்பதாம் நாள். தேவாலயத்திலிருந்து உறவெல்லாம் வீட்டுக்கு வந்திருந்தது. சல்வா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“இதே நெய்யத்தான் என் பையனுக்கும் ஊத்திக் கொடுத்தியா?” என்றார் மாமனார் அபூ நக்லே. (நக்லேயின் அப்பா என்று அர்த்தம். மகன் போன பிறகும் பெயர் அதுதான்.)

சல்வா கரண்டியை வைத்தாள். “காலையில தயிரும் வெள்ளரிக்காயும்தான் மாமா அவருக்கு. உங்களுக்கே தெரியும்.”

“எனக்கென்ன தெரியும்? எனக்கு அம்பது வயசுல நெஞ்சக் கிழிச்சுத் தச்சாங்க, அது போர்க்காலக் கவலை. இவனுக்கு என்ன கவலை? தின்னு தின்னே போனான்.”

நக்லேயின் தங்கை ஹியாம் எழுந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், ஒல்லி. அப்பாவின் முன்னால் மண்டியிட்டு அவர் காலுறையைக் கீழே இறக்கினாள். குதிகாலுக்கு மேலே கட்டை விரல் தடிமனில் புடைப்பு.

“என்னடி பண்றே, நாலு பேர் முன்னாடி?”

“இது என்னப்பா?”

“செருப்பு கடிச்சது. இருபது வருஷமா இருக்கு.”

“கொழுப்புப்பா. அண்ணனுக்கும் இதே இடத்துல இருந்துச்சு. போன வாரம் என் ரத்தத்தப் பாத்தேன். நான் கறி தொட்டுப் பத்து வருஷமாச்சு, எனக்கும் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு. இது அண்ணி சட்டியில இருந்து வரல. உங்ககிட்டேருந்து வந்தது.”

அபூ நக்லே காலை இழுத்துக்கொண்டார்.

“அப்ப நான்தான் என் பிள்ளையக் கொன்னேங்கிற.”

“யாரும் கொல்லலப்பா. அண்ணிய விடுங்கன்னுதான் சொல்றேன். லமீஸுக்கு நாளைக்கே டெஸ்ட் எடுக்கணும்.”

லமீஸ் நக்லேயின் மகள். ஒன்பது வயது.

“வேணாம். வியாதிக்காரின்னு பேர் வந்தா நாளைக்கு யாரு கட்டுவான் அவள?” என்றார் அபூ நக்லே.

4

ஒரு வரைவில் சல்வா குனிந்து கிழவரின் காலுறையை ஏற்றிவிட்டாள். படிக்க அழகாக இருந்தது. கிழித்துப் போட்டேன். அவள் ஏன் குனிய வேண்டும்?

நடந்தது இது. சல்வா அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். “என் நெய் உங்களுக்கு வேணாம் மாமா. பிள்ளை விஷயத்துல நான் உங்ககிட்டக் கேக்கவும் இல்ல.”

மறுநாள் காலையில் ஹியாம் குழந்தையின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். கொழுப்பின் அளவு அதிகம்தான். ஆனால் ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது, மாத்திரை தொடங்கியாயிற்று. அப்பாவுக்குக் கிடைக்காத ஆயுள் அவளுக்குக் கிடைக்கலாம்.

மூன்றாம் நாள் அபூ நக்லே பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். மகள் முன்னால் உட்கார்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினார்.

5

சல்வாவிடம் அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதாக ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன், நன்றாகவே வந்திருக்கிறது. தர மாட்டேன். நான் எழுதிக் கொடுத்தால் நீங்கள் மனம் ஆறிப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கீழ்வீட்டில் அவள் ஆறாமல் இருப்பாள். பரிசோதனை நிலையம் வரை வந்த கிழவருக்கு அவள் வீட்டுப் படி ஏறவும் தெரியும். அவர் முதலில் கேட்கட்டும்.