உரும்பிராயில் ஒரு சீமை ஸ்ரேசன்

"ஆறு மாதம்தான் கனகம். கண்ணை மூடித் திறக்கிறதுக்கிடையிலை ஓடிப்போயிடும்."

"போன முறை நாலு நாள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனீங்கள். நீங்கள் வந்து சேரேக்கை பிள்ளையைத் தாட்டு மூண்டு நாள்."

"மாத்தாள் வரேல்லை. ஸ்ரேசனைப் பூட்டிப்போட்டு வரேலுமே?"

"இப்ப வயித்திலை இருக்கிறதையும் நான் தனியப் பெத்துத் தனியத்தான் புதைக்கவேணுமோ? போங்கோ. தாராளமாய்ச் சீமைக்குப் போங்கோ. திரும்பி வரேக்கை கிணத்தை ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வீட்டுக்குள்ளை வாங்கோ."

ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஸ்ரேசனை ஒட்டிய குவாட்டர்ஸின் குசினி வாசலில் நடந்த பேச்சு இது. தியாகலிங்கம் அப்போது ஒரு சின்ன ஸ்ரேசனுக்கு மாஸ்டர். சிக்னல் வேலை பழக ஆறு மாதம் இங்கிலாந்துக்கு அனுப்புவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மனைவி சொன்னதைக் கேட்டு முடித்ததும் அவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மாலைக் கோச்சியை அனுப்பப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் கனகாம்பிகையும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, அழுது, மூக்கைச் சிந்தி, அன்றோடு முடித்திருப்பாள்.

மனிதர் சீமைக்குப் போகவில்லை. சீமையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

உரும்பிராயில் கோச்சி ஓடுவதில்லை. கோச்சி பார்க்க விரும்புகிறவன் கோண்டாவிலுக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும். செம்மண்ணும் வாழையும் புகையிலையுமாய்க் கிடந்த அந்த ஊரில், பென்சன் எடுத்துக்கொண்டு வந்த தியாகலிங்கம் தன் வீட்டு விறாந்தையை ஓர் இங்கிலீஷ் ஸ்ரேசனாக மாற்றிவிட்டார். எல்லாம் கழித்துவிட்ட சாமான், ஏலத்தில் எடுத்தது. சிவப்பும் பச்சையும் காட்டுகிற கைவிளக்கு ஒன்று. அதில் பேர்மிங்காம் என்று பித்தளையில் பொறித்திருந்தது, எண்ணெய்தான் ஒழுகும். மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று. எதை வைத்தாலும் பதின்மூன்று இறாத்தல் என்று சொல்லும். பழைய முதலாம் வகுப்புப் பெட்டியின் சன்னலை ஏற்றி இறக்குகிற தோல் வார் ஒன்று சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. சன்னல் இல்லை, வார் மட்டும். மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றைக் கொண்டாடுகிற வீடு உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று கனகாம்பிகை நினைத்துக்கொள்வாள்.

சுவர் முழுக்க இங்கிலாந்து ஸ்ரேசன்களின் படங்கள், சஞ்சிகைகளிலும் கலண்டர்களிலும் வெட்டியவை. பூப்பாத்தி வைத்த மேடை. இரும்புப் பூவேலை செய்த தூண். குளிர் காய நெருப்பு மூட்டிய காத்திருப்பறை. பச்சை வர்ணம் பூசிய கரி எஞ்சின். வாசலில் ஒரு முழத் தண்டவாளத் துண்டு கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. ஆர் படலையைத் திறந்தாலும் அவர் அதில் ஓர் அடி அடிப்பார். உடனே அயல்வீட்டு நாய் ஊளையிடும். அந்த நாய்க்கு இருக்கிற ரசனை இந்த மனிதருக்கு இல்லையே என்பது கனகாம்பிகையின் கவலை.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து அந்த வட்ட மணிக்கூடு. அது லண்டன் நேரம் காட்டியது. மற்ற வீடுகளில் மணிக்கூடு நின்றுபோனால் பிழையான நேரம் காட்டும். இந்த வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டே பிழை காட்டியது. உலையில் அரிசி போடுகிற நேரத்தில் இன்னும் விடியவில்லை என்று சொல்லும். "உதைக் கழட்டிக் கிணத்துக்கை போடுங்கோ" என்று அவள் சொல்லாத மாதம் இல்லை.

ஆனால் எழுபத்தெட்டில் மகள் குணலட்சுமி கலியாணம் முடித்து லண்டனுக்குப் போன நாளிலிருந்து, கனகாம்பிகை மணிக்கூட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. விறாந்தை கூட்டும்போது ஒரு கண்ணால் அண்ணாந்து பார்ப்பாள். இப்ப பிள்ளை எழும்பியிருப்பாள். இப்ப வேலைக்குப் போயிருப்பாள். பிறகு ஆரும் காணாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாகக் கூட்டுவாள்.

எண்பதாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, குணலட்சுமியின் கடிதம் வந்தது. தியாகலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். வைகாசியில் பேறு. அம்மா பக்கத்தில் நின்றால் தனக்குப் பயமில்லை. ஆனால் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தனியே பிளேன் ஏற்ற முடியாது. அப்பாவும் சேர்ந்து வரவேண்டும். மாத முடிவுக்குள் பதில் போட்டால் இருவருக்கும் ரிக்கற் எடுத்து அனுப்புவார்கள். கடைசியில், பாவம் பிள்ளை, அப்பா சந்தோசப்படுவார் என்று நினைத்து ஒரு படமும் வைத்திருந்தாள். "எங்கடை இடத்து ஸ்ரேசன், அப்பா" என்று பின்னால் எழுதியிருந்தது.

படத்தைப் பார்த்த தியாகலிங்கத்தின் முகம் ஆமணக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆனது.

"இதுவோ ஸ்ரேசன்? கூப்பன் அரிசி குடுக்கிற சங்கக்கடை மாதிரியெல்லோ கிடக்கு. பூப்பாத்தி எங்கை? தூண் எங்கை? முழுக்கச் சீமெந்து. இஞ்சாரும், உந்தக் கோச்சியின்ரை மூஞ்சையைப் பாரும். புகைக்கூடும் இல்லை, ஒரு சவமும் இல்லை."

"பிள்ளை பெறப்போறவள் ஸ்ரேசனிலையோ படுக்கப் போறாள்?"

"கரி எஞ்சினை நிப்பாட்டி ஒரு மாமாங்கமாம். பிறகு அந்த நாட்டிலை பாக்க என்ன கிடக்கு? நான் அறிஞ்ச இங்கிலாந்து உதில்லை."

"நீங்கள் அறிஞ்ச இங்கிலாந்து கலண்டரிலையெல்லோ கிடந்தது."

அவர் கடிதத்தை மடித்தார். நாலாக. கனகாம்பிகை அந்த மடிப்பை முன்பும் ஒரு முறை பார்த்திருக்கிறாள்.

"மகள் கேட்டிருக்கிறாள்" என்றார் அவர், விரலை மடக்கிக்கொண்டு. "மருமோன் கேட்டிருக்கிறார்." மூன்றாவது விரல் பாதியில் நின்றது.

"பிறகென்ன?"

"ஒண்டுமில்லை. ரீயைக் கொண்டு வாரும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவளுக்கு ஒரே யோசனை. மகளிடம் போகவேண்டும். பேரப்பிள்ளையைத் தன் கையால் ஏந்தவேண்டும். முதல் பிள்ளையைப் பறிகொடுத்த கைக்கு அது மட்டும் மிச்சம். ஆனால் கேட்பது எப்படி? போனால் கிணற்றில் விழுவேன் என்று சொன்ன அதே வாயால், இப்போது தனக்குத் தேவை வந்தவுடன், "வாங்கோ சீமைக்குப் போவம்" என்று கேட்பதா? கேட்டால் மனிதர் சிரிப்பார். சிரிக்காவிட்டால் அது இன்னும் மோசம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆகவே அவள் தராசை முறைத்தாள், விளக்கை முறைத்தாள், தூசி தட்டுகிற சாட்டில் பச்சை எஞ்சினின் படத்தைத் தும்புத்தடியால் ஓர் இடி இடித்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தண்டவாளம் அடித்தது, நாய் ஊளையிட்டது. வின்சன்ற் வந்திருந்தார். முப்பது வருடம் எஞ்சின் ஓட்டியவர். குருநகரிலிருந்து சைக்கிளில் வருவார். வந்தால் இரண்டு பேரும் சாய்மனைக் கதிரைகளில் கிடந்து, தங்கள் வாழ்நாளில் காணாத நாட்டின் கோச்சிகளுக்காகப் பெருமூச்சு விடுவார்கள்.

"அவன் வெள்ளைக்காரன் செய்த பெட்டி ஐசே. கதவைச் சாத்தினால் ஒரு சத்தம் வரும். கோயில் கதவு சாத்தினமாதிரி."

"ஓம் ஓம். இப்பத்தையான் கதவு தகரப்பேணி மூடி மாதிரியெல்லோ."

"டீசல் எண்டு ஒண்டு விட்டிருக்கிறாங்கள். சவப்பெட்டிக்குச் சில்லுப் பூட்டி" என்றார் வின்சன்ற்.

கனகாம்பிகை குசினியில் ரீ ஊற்றிக்கொண்டே கேட்டாள். அடிமையாக இருந்தபோது சாப்பிட்ட சோற்றின் ருசியைப் பற்றிக் கதைக்கிற இரண்டு கிழவர்கள்! அந்த வெள்ளைக்காரனின் முதலாம் வகுப்புப் பெட்டியில் இவர்களை ஏறி இருக்க விட்டானா? கதவைச் சாத்தத்தான் விட்டான். சாத்திய சத்தத்தை இன்னும் சாகும்வரை ரசிக்கிறார்கள்.

தட்டத்தில் ரீயும் பனங்கட்டியும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது வின்சன்ற் மகளின் படத்தைக் கையில் வைத்திருந்தார்.

"என்ன காணும் தியாகர், போகேல்லையோ? ஓ, மறந்துபோனன். இது பிளேனெல்லோ, கப்பலில்லையே!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "தங்கச்சி, உங்களுக்குத் தெரியுமோ, டிப்போவிலை இந்த மனுசனுக்கு என்ன பட்டம் எண்டு? கப்பல்பேதி!"

"விடும் வின்சன்ற்" என்றார் தியாகலிங்கம்.

"என்னத்தை விடுறது? ஐம்பத்தாறிலை சும்மா கிடைச்ச சீமைப் பயணத்தைக் கப்பலெண்டால் வயித்தாலை போகும் எண்டு வேண்டாமெண்டு எழுதிக் குடுத்த ஆள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம். மனிசி அழுது அழுது போகச் சொன்னவ, நான்தான் பயந்துபோனன் எண்டு இவரே எல்லாருக்கும் சொன்னவர். உங்களுக்கும் மானக்கேடாய்த்தான் இருந்திருக்கும், என்ன தங்கச்சி?"

கனகாம்பிகை கணவரைப் பார்த்தபடியே கோப்பைகளைக் கதிரைக் கையில் வைத்தாள். கையோடு ஒரு கோப்பை ரீ தியாகலிங்கத்தின் வேட்டியில் ஊற்றுண்டது. அவர் அசையவில்லை. சுவரில் இருந்த ஏதோ ஒரு ஸ்ரேசனைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. குவாட்டர்ஸ் முற்றத்தைக் கடந்து போகும்போது போட்டர்மார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தது. மாற்றலாகிப் போன ஸ்ரேசனிலும் அதே சிரிப்பு. பென்சனுக்கு முந்தின நாள் விருந்தில் ஆரோ ஒருவன் அவருக்கு வயிற்றுக் கோளாறுக்கு அவித்துக் குடிக்கிற வேர்க்கொம்பில் ஒரு கட்டு பரிசாகக் கொடுத்தது. அவளும் அன்று சிரித்தாள். என்ன பகிடி என்று தெரியாமலே, மனிதரைச் சபையில் மட்டம் தட்டுகிறார்கள் என்ற சந்தோசத்தில், வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வின்சன்ற் இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்து, கிளாஸ்கோவில் செய்த ஓர் எஞ்சினை ஆணி ஆணியாகப் பூட்டிக் காட்டிவிட்டுப் போனார். படலை சாத்துண்டதும் கனகாம்பிகை விறாந்தைக்கு வந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"எப்பிடி?"

"விசர்க் கதை கதையாதையுங்கோ. கப்பல்பேதி எண்டு."

அவர் வேட்டியில் காய்ந்துபோன ரீக் கறையைச் சுரண்டினார். "வேறை என்னத்தை எழுதுறது? மனிசி விடேல்லை எண்டு எழுதினால் உம்மைப் பற்றியெல்லோ கதைப்பாங்கள். பிள்ளையைச் சாகக் குடுத்திட்டு நிண்டனீர். அதுக்கு மேலை உதும் என்னத்துக்கு?"

"இருவத்துநாலு வரியம் பேசாமல் இருந்தனீங்கள்."

"நீர் கேக்கேல்லை."

"கேக்காட்டில் சொல்லப்படாதோ? வாய் இல்லையோ? உந்தக் கரிக் கோச்சியைப் பற்றி மட்டும் விடிய விடியக் கதைக்கத் தெரியும்!" அவளுக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு கண்ணும் கலங்கியது. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது. "உந்தப் படங்களை நான் ஒரு நாளும் வடிவாய்ப் பாக்கேல்லை. பாக்க வெறுப்பு. நான் மறிச்ச பயணத்தை நீங்கள் ஆணி அடிச்சுத் தொங்கவிட்டிருக்கிறீங்கள் எண்டுதான் நினைச்சனான்."

தியாகலிங்கம் சின்னக் குரலில் சொன்னார்: "போகாத ஊர் கனகம். வழி கேட்டுக்கொண்டு இருந்தன். அவ்வளவுதான். இப்ப போனால் அங்கை ஒண்டும் இல்லை. சங்கக்கடைதான்."

"அப்ப மகள்?"

"மகள் கேட்டவள். மருமோன் கேட்டவர்." இரண்டு விரல் மடங்கியது. மூன்றாவது விரல் பாதியில் நின்று, அவளைப் பார்த்தது.

கனகாம்பிகை மணிக்கூட்டை அண்ணாந்து பார்த்தாள். இந்த முறை ஒளிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அங்கே மத்தியானம் பன்னிரண்டரை. பிள்ளை சமைத்தாளோ, வயிற்றைத் தாங்கிக்கொண்டு தனியே எங்காவது நிற்கிறாளோ. கேட்கவேண்டியது நாலு சொல்தான்.

"பூப்பாத்தி இருந்தாலென்ன, இல்லாட்டிலென்ன" என்றாள். "உங்கடை கரி எஞ்சினும் மண்ணாங்கட்டியும். ஒரு தூணாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அதைக் காட்டுங்கோ, நான் பாக்கிறன். இஞ்சாருங்கோ... அண்டைக்குப் போகாதையுங்கோ எண்டு சொன்னதும் நான்தான், இண்டைக்குக் கேக்கிறதும் நான்தான். என்னைச் சீமைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."