போரிட்ட சமையல்காரரின் மகள்

மாமியார் நான்காவது மாடியில் கிடந்தார். மாப்பிள்ளை அவருக்கு நேர் மேலே, மொட்டை மாடியின் மோட்டார் அறையில், லிப்ட் மோட்டாரைக் கட்டிப்பிடித்தபடி குப்புறக் கிடந்தார். இருவரில் மாமியாரின் முகம்தான் தெளிவாக இருந்தது.

அந்த வட்டாரத்துக்கே மாப்பிள்ளைதான் லிப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்ட லிப்டுகளிலிருந்து அவர் வெளியே இழுத்துப் போட்ட ஆட்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு சின்ன நாட்டுக்கு மக்கள்தொகை தேறும். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தின் லிப்ட், மாமியார் உயிரை விட்ட கையோடு தானும் உயிரை விட்டுவிட்டது. மோட்டாரின் காயில் கருகிப்போயிருந்தது.

இரும்பு ஏணியின் நடுவில் நின்ற அவர் மனைவி டெஸ்டரை மேலே நீட்டினாள்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

அதற்குப் பிறகுதான் விட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் அந்தக் கேள்வி மட்டும் பிசகவில்லை. "வேன்காரர் வந்துட்டாருங்க. மாமா போர்டை மறுபடியும் அழிச்சுட்டாரு," என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். மோட்டாரைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. மாமாவை முடியாது.

கீழ்த்தளத்தில், தண்ணீர் வராத நாட்களை எழுதிப்போடும் கரும்பலகை ஒன்று இருந்தது. அதில் அவர் விடிந்ததும் மாமியாரின் மறைவை எழுதி, அதன் கீழே இன்னொரு வரியையும் எழுதியிருந்தார்: 'நாசகாரிக் கப்பலில் போரிட்ட சமையல்காரரின் மகள்.' மாமியார் எத்தனையோ தடவை கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிய வரி அது. அதை முதலில் அழித்தவர் மாமா. மாமியாரின் ஒரே தம்பி. வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மாப்பிள்ளை மறுபடி எழுதினார். மாமா மறுபடி அழித்தார். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலையிலிருந்து இதே வேலையாக இருந்தார்கள்.

அந்த அம்மாள் வேலை பார்த்தது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில். ஓய்வுபெற்ற மறுநாளே, போர்க்காலத்தில் டெஸ்ட்ராயர் கப்பலில் இருந்த தன் அப்பாவைத் தேடக் கிளம்பினார். அந்த ரக யுத்தக் கப்பலுக்குத்தான் பத்திரிகைக்காரர்கள் நாசகாரி என்று பெயர் வைத்தார்கள். அப்பா ஊருக்குத் திரும்பி வந்தார், பிள்ளைகளைப் பெற்றார், போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்ச்சேர்ந்தார். கேட்டால், "அலை ஜாஸ்தி," என்பாராம். அந்த 'அலை ஜாஸ்தி'யை வைத்துக்கொண்டு அம்மாள் கடற்படையையே ஒரு கலக்குக் கலக்கினார். அவர் குரல் கேட்டதும் ஆவணக் காப்பகத்தில் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளத் தனியாக ஒரு குமாஸ்தாவை நியமித்திருந்ததாகப் பேச்சு. அவர் விசாரணை தாங்காமல் இரண்டு அதிகாரிகள் கடலுக்கே திரும்பிப்போனார்கள் என்றும் சொல்வதுண்டு. சொன்னது அவர்தான்.

கடைசியில் அங்கிருந்து வந்த பதில் ஒற்றைச் சொல். பணி: சமையல்.

அன்று மாமா சிரித்த சிரிப்பு மூன்று மாடிக்குக் கேட்டது. "கரண்டி பிடிச்சவரை பீரங்கி பிடிச்சவரா ஆக்கப் பாத்தியே அக்கா." ஆனால் சிரிப்புக்கு அடியில் அவருக்கு ஒரு கலவரமும் இருந்தது. தன் மகளின் கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டில், தன் அப்பா 'கப்பல் நிர்வாகத்தில்' இருந்தார் என்று சொல்லிவைத்திருந்தார். நிர்வாகம் இப்போது அடுப்படியில் போய் நின்றது.

அம்மாள் அசரவில்லை. அந்தக் கப்பலை எப்போதோ உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும், அதே அச்சில் கட்டிய இன்னொரு கப்பலைத் துறைமுகத்தில் கண்காட்சியாக நிறுத்தியிருப்பதைக் கண்டுபிடித்தார். மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "அதுலயும் லிப்ட் இருக்காம் மாப்ளே. குண்டு ஏத்துற லிப்ட். உங்களுக்குத்தான் அதெல்லாம் புரியும், வாங்க."

போனார்கள். கப்பலின் அடிவயிற்றில், பீரோ அளவுக்கு ஓர் அறை. அங்கிருந்துதான் பீரங்கிக்குக் குண்டு மேலே போகும். மாப்பிள்ளை அந்த ஏற்றியை முன்னும் பின்னும் தடவிப் பார்த்துவிட்டு, கரண்ட் போனால் இது வெறும் பெட்டிதான் என்றார். ஆமாம் என்றாள் சுற்றிக்காட்டிய பெண். கரண்ட் போனால் கைக்குக் கை. சண்டை மணி அடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு இங்கே வந்து வரிசையில் நிற்பவர்கள் சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் எழுத்தர்களும்தான். பீரங்கி ஆட்களுக்குப் பீரங்கியே சரியாக இருக்கும். சொல்லிவிட்டு, வந்திருந்தவர்களை ஏணி வரை வரிசையாக நிறுத்தி ஒரு மரக்குண்டை எடுத்துக் கொடுத்தாள். கப்பல் ஆடும், இருட்டாக இருக்கும், கை வழுக்கும். அதனால் ஒரே ஒரு விதி. வாங்குகிறவர் பிடித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கொடுக்கிறவர் விடக்கூடாது.

மாப்பிள்ளை சட்டென்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான புதிதில் மாமியார் ஒரு டம்ளர் தேநீரை நீட்டிவிட்டு விடாமல் பிடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. இவர் இழுக்க, அவர் விடாதிருக்க, புதுச் சட்டை முழுக்கத் தேநீர். "பிடிச்சாச்சுன்னு சொல்லுங்க மாப்ளே," என்றார் அந்த அம்மாள், ஏதோ இவர்தான் படிப்பறிவில்லாதவர் என்பதுபோல. அந்த வீட்டில் சுடுதண்ணீரிலிருந்து பச்சைக்குழந்தை வரை அந்தச் சொல் இல்லாமல் கை மாறியதில்லை. அப்பா வைத்த பழக்கம். ஏன் என்று அவர் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

மாமியார் மரக்குண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கப்பல் நங்கூரத்தோடு எழும்பும் அளவுக்குச் சிரித்தார். அடுத்து நின்றவரிடம் கொடுக்கவே இல்லை. குண்டை மீட்டுத் தரச்சொல்லி அந்தப் பெண் மாப்பிள்ளையிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

வீடு திரும்பிய சூட்டோடு தம்பிக்குப் போன் போட்டார். மாமா அசையவில்லை. "இதெல்லாம் ஒரு சாட்சியா? வீட்டுக்கு வீடு அப்படித்தான்கா சொல்றாங்க. சூடா ஒண்ணைக் கொடுத்தா பிடிச்சியான்னு கேக்கத்தான் செய்வாங்க," என்றார். அன்றிலிருந்து அம்மாள் தினமும் காப்பகத்தைக் கூப்பிட்டார். 'சமையல்' என்பதற்குப் பக்கத்தில் 'போர்' என்று எழுதச் சொன்னார். நேற்று மாலையும் கூப்பிட்டார். சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போட்டார்கள். காத்திருந்தபடியே போய்விட்டார். மகள் வந்து காதோரமிருந்த ரிசீவரை எடுத்தபோதும் அந்த இசை ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கீழே வந்தபோது மாமா பலகைக்குக் காவல் நின்றார். கையில் இருந்த கைக்குட்டை, அழித்து அழித்துச் சுண்ணாம்புத் தூளில் வெள்ளை வெளேரென்றிருந்தது.

"அத்தை சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க மாமா."

"போரிட்டார்னா பொய். சமையல்காரர்னா மானக்கேடு. ஒரே வரியில ரெண்டையும் எப்படிய்யா சேத்தா?"

"அத்தைக்கு எப்பவும் சிக்கனம்தானே."

"சம்பந்தி வர்ற நேரம் மாப்ளே. நீங்க எழுத எழுத நான் அழிப்பேன்."

"நீங்க அழிக்க அழிக்க நான் எழுதுவேன். வீட்டுல ஒரு பெட்டி சாக்பீஸ் இருக்கு."

இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மேலிருந்து மகளின் குரல் வந்தது. அம்மாவைத் தூக்க ஆள் வேண்டும், சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்றாள்.

அந்தப் படிக்கட்டைக் கட்டியவன் ஆள் செத்தால் கீழே கொண்டுவர வேண்டும் என்று யோசித்தே இருக்கமாட்டான். ஒவ்வொரு தளத்திலும் ஒரு முறுக்கு. ஸ்ட்ரெச்சரைத் திருப்ப இடமில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் கீழ்ப்படியில் நிற்பவரிடம் கால்மாட்டைக் கொடுக்க வேண்டும். அவர் வாங்கியதும் கொடுத்தவர் கீழே இறங்கி அடுத்த முறுக்கில் போய் நிற்க வேண்டும். தலைமாட்டில் மாப்பிள்ளை. அதற்குக் கீழே மகள், மாமா. இரண்டாம் மாடியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர், கைக்கு ஓர் ஆள் குறைகிறதே என்று தானாகவே வந்து மாமாவுக்குக் கீழே நின்றார். அவருக்கும் கீழே வேன்காரர்.

முதல் திருப்பம். மாப்பிள்ளை நகர்த்தினார்.

"பிடிச்சாச்சு," என்றாள் மகள்.

அவள் மாமாவுக்கு நகர்த்தினாள். "பிடிச்சாச்சு," என்றார் மாமா, பழக்கத்தில்.

மாமா கால்மாட்டைச் சுவருக்கு மேலே தூக்கிக் கடைக்காரருக்குக் கொடுத்தார். கடைக்காரர் இரண்டு கையாலும் வாங்கி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். எல்லாக் கனத்தையும் நடுவில் வைத்துக்கொண்டு படிக்கட்டே நின்றது.

"விடுங்க சார். நான்தான் பிடிச்சிருக்கேனே."

"சொல்லுப்பா," என்றார் மாமா.

"என்னத்தைச் சொல்ல?"

"பிடிச்சாச்சுன்னு."

"கையிலதான சார் இருக்கு. பாத்துட்டுத்தான நிக்கிறீங்க."

"பாத்தா போதுமா? நீ சொன்னாத்தானே நான் விட முடியும்." மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது, குரல் ஏறியது. "ஏன்யா, உங்க வீட்டுல சொல்ல மாட்டீங்களா?"

கடைக்காரர் மூச்சிரைத்தபடி யோசித்தார். "எங்க வீட்டுல கை நீட்டுனா கொடுத்துடுவாங்க சார். இதுக்கெல்லாம் என்ன சொல்றது?"

மகள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்தத் தருணத்துக்காகவே பிறந்ததுபோல நிறையப் பேசியிருப்பார். மாமா வேறெங்கும் பார்க்காமல், ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ கழற்றிவிட்டுப்போன கையுறைகளைப் பார்ப்பதுபோல. மாமியார் சுவருக்கு மேலே, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகக் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குப் புதிதல்ல.

"சரி சார். பிடிச்சாச்சு."

மாமாவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

அதற்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் வேறு பேச்சு இல்லை. திருப்பத்துக்குத் திருப்பம் அந்த ஒரு சொல்தான் இறங்கிக்கொண்டே போனது. அடுத்த முறுக்கில் கடைக்காரர் வேன்காரரிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேன்காரர் ஊரில் எல்லாவிதப் பிணங்களையும் எல்லாவிதக் குடும்பங்களையும் பார்த்தவர். "பிடிச்சாச்சுங்க," என்றார், ஒன்றும் கேட்காமல்.

மாமியாரை வேனில் ஏற்றினார்கள். சம்பந்தி வீட்டார் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். மாமா கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். நெற்றியிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூள் அப்பிக்கொண்டது. யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சட்டைப்பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். போனவர் பின்னால் காலடி கேட்டுத் திரும்பினார். மாமா அழிக்க வருகிறார் என்று பலகைக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

மாமா கைக்குட்டையை வெளியே எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

மாப்பிள்ளை சற்று நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சாக்பீஸை நீட்டினார். மாமா அதன் மறுமுனையைப் பிடித்தார். மாப்பிள்ளை விடவில்லை.

சம்பந்தி வாசலுக்கு வந்துவிட்டார்.

"பிடிச்சாச்சு," என்றார் மாமா.

வேன்காரர் இன்ஜினை அணைத்தார். மாமா மூக்குக்கண்ணாடியை மேலே வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஒவ்வொரு எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதினார். 'நாசகாரி' பாதிப் பலகையை எடுத்துக்கொண்டது. 'போரிட்ட' மீதியை. 'சமையல்காரரின் மகள்' பலகைக்குள் அடங்காமல் சட்டத்தைத் தாண்டி, சுவரில் ஏறி, நின்றுபோன லிப்டின் கதவில் போய் முடிந்தது.