சும்மா சவாரிக்குத்தானே

ஆளைப் பின்னாலிருந்து பார்த்தாலே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று தையல்காரி சொல்லிவிடுவாள். அளவு நாடா எல்லாம் அப்புறம்தான். இருபது வருடத்துக்கு மேலாகக் கோட்டு தைக்கிற கண் அது. தோள் சரிந்தவர்களுக்கு உள்ளே சத்தமில்லாமல் ஒரு பஞ்சுப் பட்டை வைத்துத் தைப்பாள். அவர்களிடம் சொல்ல மாட்டாள். கண்ணாடி முன் நின்று, "அட, நானா இது!" என்பார்கள். "பின்ன யாராம்?" என்பாள் இவள்.

அப்படிப்பட்டவள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு குதிரையின் தோளைப் பார்க்க வேண்டியிருந்தது.

எல்லாம் மகளால் வந்தது. பதினாறு வயது. போன வருடம் சவாரிப் பள்ளியில் ஒரு குதிரை கால் தடுக்கியதில், அதன் தலைக்கு மேலே பறந்துபோய் விழுந்தாள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு இரண்டாக ஒடிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்ட டாக்டர், "இதே எலும்பு இன்னொரு தடவை ஒடிஞ்சா சேர்றது கஷ்டம்" என்று சொல்லி அனுப்பினார். கட்டைப் பிரித்த அன்றே பெண் கேட்டாள்: "அம்மா, எப்ப மறுபடியும் ஏறலாம்?"

அழுதாள், சண்டை போட்டாள், நான்கு நாள் பேசாமல் இருந்தாள். கடைசியில் தையல்காரி இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை. "சொந்தமா ஒரு குதிரை. கால் தடுக்காத குதிரை. இல்லேன்னா பேச்சே கிடையாது."

குதிரை தேடும் வேலை தம்பியிடம் போனது. தம்பிக்குத் தொழிலே லாடம் அடிப்பது. குதிரைக் கால் அவனுக்கு உள்ளங்கை மாதிரி.

"அக்கா, ஒரு செவலை இருக்கு. ஒன்பது வயசு. பெருசா அழகு கிழகுன்னு எதிர்பார்க்காதே."

"பந்தயத்துக்கா போகப் போறோம்? சும்மா சவாரிக்குத்தானே" என்றாள் இவள்.

"அதான் சொல்றேன். கண்ணை மூடிட்டு வாங்கு."

"கண்ணைத் திறந்துட்டே வாங்குறேன். எப்படிப் பார்க்கணும்னு சொல்லு."

சொன்னான். தேய்க்கிற மேஜை மேல் சாக்பீஸால் குதிரையையே வரைந்து காட்டினான். பக்கவாட்டில் நின்றால் முதுகு நீளமாகத் தொய்ந்திருக்கக் கூடாது. தோள் சாய்வாக இருக்க வேண்டும். நட்டுக்குத்தலாக இருந்தால் ஏறுகிறவர் எலும்பெல்லாம் குலுங்கும். முன்னால் நின்றால், தோள் முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டதுபோல் முழங்கால், கணுக்கால், குளம்பு எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு முன் குளம்பும் ஜோடிச் செருப்பு மாதிரி இருக்க வேண்டும்.

"இது என்னடா, கோட்டு தைக்கிற கதையாவே இருக்கு" என்று அவள் சிரித்தாள்.

அந்த வாரமே புதன்கிழமை அவன் மறுபடி கடைக்கு வந்தான். "அக்கா, கெட்டித் தோல் ஏதாவது கிடக்கா? ஒரு கிழட்டுக் குதிரைக்குக் குளம்புக்கு அடியில வைக்கணும். பின்பக்கம் தடிமனா, முன்பக்கம் மெலிசா வேணும்."

பழைய அரக்கு நிறக் கைப்பை ஒன்று மூலையில் கிடந்தது. அதை வெட்டி, மூன்று அடுக்காக ஒட்டி, சீவி, பிரியாமல் இருக்க ஓரத்தில் மஞ்சள் நூலால் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். மெனக்கெட்டு ஒரு மணி நேரம் ஆனது.

"கால்ல மிதிபடப் போறதுக்கு இவ்வளவு நேர்த்தியா?"

"கிழட்டு ஜீவன். நல்லா நடக்கட்டும், பாவம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியின் வேனில்தான் போனார்கள். லாயத்துக்காரரை ஊரே சக்கரை என்றுதான் கூப்பிடும். பேச்சு அப்படி இனிக்கும்.

"வாங்க மேடம், வாங்க! தம்பியோட அக்கான்னா எனக்கும் அக்காதான். குதிரை இருக்கே, பால்குடிப் பிள்ளை மாதிரி. அவ்ளோ சாது."

செவலை முற்றத்தில் நின்றது. மகள் நேராகப் போய் அதன் மூக்கைத் தடவினாள். அது அவள் கழுத்தில் சூடாக மூச்சு விட்டது. அவ்வளவுதான், பெண் மனசைக் கொடுத்துவிட்டாள். இனி வேறு குதிரையைப் பார்க்க மாட்டாள்.

தையல்காரி அவசரப்படவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தாள். முதுகு கச்சிதம். தோள் நல்ல சாய்வு. பிறகு முன்னால் போய், கைப்பையிலிருந்து நூலை எடுத்து, நுனியில் ஒரு பித்தளைப் பொத்தானைக் கட்டித் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"மேடம், குதிரை வாங்குறீங்களா, இல்ல அதுக்குக் கோட்டு தைக்கப் போறீங்களா?" சக்கரை விழுந்து விழுந்து சிரித்தார்.

நூல் நேராக இருந்தது. தோள் இரண்டும் ஒரே மட்டம். அவளுக்கே நிம்மதியாக இருந்தது. குளம்பையும் பார்த்துவிடலாம் என்று குனிந்தாள்.

"அக்கா, காலைத் தொடாதே! உதைச்சிடும்!" தம்பி ஓடி வந்தான்.

"பால்குடிப் பிள்ளை உதைக்குமாடா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவள் இன்னும் குனிந்தாள். இடது முன் குளம்புக்கும் லாட இரும்புக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அதன் மேல் சேறு அப்பியிருந்தது. தானாக ஒட்டிய சேறு மாதிரி இல்லை, பூசினது மாதிரி இருந்தது. விரலால் துடைத்தாள்.

அரக்கு நிறம். ஓரத்தில் மஞ்சள் நூல். இரட்டைத் தையல்.

தன் கைத் தையல் ஒருத்திக்கு எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியாதா? நிமிர்ந்தாள். வலது குளம்பில் அப்படி எதுவும் இல்லை.

"அந்தக் கிழட்டுக் குதிரை எங்கேடா?" என்று கேட்டாள்.

சக்கரை திடீரென்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

"லாடத்தைக் கழட்டு."

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்."

"இங்கேயே கழட்டு. நான் பார்க்கணும்."

குறடை எடுத்துக் கழற்றினான். அவளே கயிற்றைப் பிடித்துக் கல் பாவிய தரையில் குதிரையை நடத்தினாள். இடது கால் ஊன்றும்போதெல்லாம் செவலையின் தலை வெடுக்கென்று மேலே போனது. குதிகால் தரையில் பதியவே இல்லை. பத்தாவது எட்டில் முன்கால் மடங்கித் தடுக்கியது. மகள் 'ஐயோ' என்று தன் காறை எலும்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறவியிலயே அந்தக் கால் கொஞ்சம் கட்டை" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு. "பட்டை வச்சா ஒண்ணும் தெரியாது. களைச்சாத்தான் தடுக்கும். இங்க இருபது குதிரைக்கும் நான்தான் லாடம் அடிக்கிறேன். இதை எப்படியாவது தள்ளிவிட்டாத்தான் வேலைன்னு சக்கரை சொல்லிட்டார். நான் என்ன பண்ண? நீயும்தானே சொன்னே, சும்மா சவாரிக்குத்தானேன்னு…"

"சொன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டியா?"

"மாமா," மகள் கேட்டாள். "நான் விழுந்தப்ப நீங்கதானே என்னைத் தூக்கிட்டு ஓடினீங்க?"

அவன் குறடைத் துடைக்க ஆரம்பித்தான்.

தையல்காரிக்கு ஏமாந்தது பெரிதில்லை. கடையில் தினம் ஏமாற்றுகிறவர்களைப் பார்க்கிறாள். ஆனால் தன் மகள் விழுவதற்கான பட்டையைத் தன் கையாலேயே, அதுவும் நேர்த்தியாக, இரட்டைத் தையல் போட்டுத் தைக்க வைத்துவிட்டானே! அந்தப் பட்டையைக் கீழேயிருந்து எடுத்துப் பைக்குள் போட்டாள். வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பி நின்றான். அம்மாவும் மகளும் அதைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தான். முன்பே அவன் தைக்கக் கொடுத்திருந்த கோட்டு ஆணியில் தொங்கியது. மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக "வாங்க மாமா" என்று எழுந்து வருகிறவள், இப்போது மடிப்பதை நிறுத்தவே இல்லை.

தையல்காரி கோட்டை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றவன் முகம் சுருங்கியது. இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கித் தொய்ந்து நின்றது.

"என்னக்கா இது, ஒரு பக்கம் தொங்குது? தையல்ல ஏதோ தப்பு."

"தையல்ல ஒரு தப்பும் இல்ல."

இழுப்பறையைத் திறந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பஞ்சுப் பட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "குனிஞ்சு குனிஞ்சு குதிரைக் காலைத் தூக்கி உன் இடது தோள் இறங்கிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் உன் ஒவ்வொரு கோட்டுலயும் இதை வச்சுத்தான் தைச்சேன்."

அவன் கண்ணாடியையும் பட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே நீ."

"உன் மனசு கஷ்டப்படும்னு சொல்லல."

அவன் கோட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். கடைசியில் அவன் தழைந்த குரலில், "அக்கா… அதை வச்சுத் தைச்சுக் குடேன்" என்றான்.

"எதுக்கு?" தையல்காரி மிஷின் முன் உட்கார்ந்து, அடுத்தவர் துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள். "சும்மா போட்டுக்கத்தானே."