உப்புக்கொத்தி வைத்திருந்த வறட்டி

நன்றாகக் காய்ந்து, தட்டினால் ஓசை வரும் பதத்தில் கிடந்தது அந்த வறட்டி. மலைமேல் இருக்கும் எங்கள் காராகுல் ஏரிக்கரையில் மருந்துக்குக்கூட மரம் கிடையாது. யாக் மாடு போட்ட சாணம்தான் விறகு. கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? எடுத்துக் கூடையில் போட்டேன்.

"அக்கா, காலை வைக்காதீங்க!" என்று கத்தினாள் ஜிபார், என் கொழுந்தன் மனைவி.

வறட்டி இருந்த இடத்தை ஒட்டி ஒரு யாக்கின் குளம்புக் குழி. அதில் மூன்று முட்டைகள், கூழாங்கல் நிறத்தில். பக்கத்திலேயே உப்புக்கொத்திப் பறவை. கையில் அடங்கும் உடம்பு, மணல் நிற முதுகு, நெஞ்சில் செங்கல் நிறப் பட்டை, கண்ணை மறைத்துக் கறுப்புக் கோடு. குளிர்காலத்தைத் தெற்கே கடலோரம் கழித்துவிட்டு, இத்தனை மலை தாண்டி இந்த உப்புத்தரைக்கு வந்து முட்டையிட்டிருக்கிறது. காற்றைத் தடுக்க அதற்கு இருந்த ஒரே சுவரான வறட்டியை நான் பெயர்த்துவிட்டேன்.

பறவை ஒரு சிறகை இழுத்துக்கொண்டு தத்தித் தத்திப் போனது.

"ஐயோ, இறக்கை ஒடிஞ்சு போச்சோ?"

"நடிக்குதுக்கா. நம்மள அந்தப் பக்கம் இழுக்கப் பாக்குது. உங்களைத் திருடின்னு நெனச்சிருச்சு." ஜிபார் சிரித்தாள். "ஆளைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. வறட்டியைத் திரும்ப வைத்தேன். சாய்ந்தது. கல் முட்டுக் கொடுத்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து மறுபடி திருப்பினேன்.

"மாமியாருக்குக்கூட நீங்க இப்படிப் பணிவிடை செஞ்சதில்லையே!"

"வாயை மூடுடி." பறவையைப் பார்த்து, "வேணும்னு செய்யல தாயி, வா" என்று கெஞ்சினேன். அது கிட்டவே வரவில்லை. தூரத்தில் சிறகை இழுத்து இழுத்துக் காட்டியது.

ஜிபார் குனிந்து ஒரு முட்டையைத் தொட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, சில்லுனு இருக்கு. நீங்க இங்க நிக்கிறவரைக்கும் அது வந்து உக்காராது."

பாவி நான். எடுத்தது ஒரு நொடி. அதைச் சரிசெய்கிறேன் என்று நின்றேனே, அத்தனை நேரமும் முட்டைகள் குளிர்ந்திருக்கின்றன. என் மனசு ஆறுவதற்கு அதன் குஞ்சுகளின் சூட்டை எடுத்திருக்கிறேன்.

ஜிபாரையும் கூட்டிக்கொண்டு, பறவை இழுத்த பக்கமே போனேன். முழுசாக ஏமாந்தவள் மாதிரி அதன் பின்னாலேயே நடந்தேன். வெகுதூரம் போனதும் சிறகை மடக்கிச் சட்டென்று பறந்து, என் தலைக்கு மேலாகக் குழிப்பக்கம் போனது.

"உக்காந்துச்சான்னு பாக்கலாமா?" என்றாள் ஜிபார்.

"வேண்டாம். நட" என்றேன்.