சரத்தின் காதிலிருந்த சுருதி

என் வீட்டுக்காரர் சரத்துக்கு மாதக்கணக்கில் இடது காதில் ஒரே ரீங்காரம். தூக்கமே கிடையாது. போன வாரம் சுவா சூ காங் சாலையில் தூக்கக் கலக்கத்தில் காரைத் தடுப்பில் உரசிவிட்டார். நல்லவேளை, உயிர் தப்பியது. "பழகிக்குங்க" என்றார் டாக்டர். அவருக்கென்ன, காது அவருடையதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அனலாக் சர்க்யூட் வடிவமைப்பவள். ரீங்காரத்தின் சுருதி தெரிந்தால் அதை மறைக்க வழி பார்க்கலாம் என்று ஒரே சுருதியில் ஒலி எழுப்பும் சைன் அலை ஆசிலேட்டர் ஒன்று செய்தேன். குமிழைத் திருகினால் சுருதி ஏறும், இறங்கும். வெளியிலிருந்து அதற்கு எதையும் ஊட்ட வேண்டாம். அக்கம்பக்கத்தில் கிடக்கும் ஒரு துளி இரைச்சலைப் பிடித்துத் தானே வளர்த்துக்கொள்ளும். அதை அடக்கத்தான் சர்க்யூட்டுக்குள், இழை சூடாகி எரியும் பழைய மாதிரி பல்பு ஒன்று. பல்பு சூடேறினால் ஒலி ஓர் அளவில் நிற்கும். இல்லையென்றால் வளர்ந்துகொண்டே போகும். தேக்கா கடைத்தெரு முழுக்கக் கேட்டேன், எல்லாரும் எல்இடியையே நீட்டினார்கள். கடைசியில் எங்கள் சாமி மேடையின் பழைய சீரியல் விளக்கிலிருந்து ஒன்றைப் பிடுங்கினேன்.

ஞாயிறு மதியம் கிளமெண்டி வீட்டு சோபாவில் உட்கார்ந்தோம். எம்ஆர்டி ரயிலில் பாட்டுக் கேட்கும் பழக்கத்தில், இயர்போனின் ஒரு முனையை அவர் இடது காதிலும் இன்னொன்றை என் வலது காதிலும் செருகிவிட்டேன். சோதனையில் அப்படிச் செய்யவே கூடாது. என் புத்தி எங்கே போயிற்றோ.

குமிழைத் திருகினேன்.

"இன்னும் மேல... கொஞ்சம் கீழ. இதேதான் உமா. ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

பல்பு மங்கலாகச் சிவந்தது. அவர் கண்கள் கலங்கின.

"நின்னுடுச்சு லா. காதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, இயர்போன் சத்தம்கூட இல்ல."

பேட்டரியைக் கழற்றினேன். பல்பு அணைந்தது. இயர்போனையும் எடுத்தேன். என் வலது காதில் ஒலி நிற்கவில்லை. அதே சுருதி.

"உனக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றார்.

இயர்போன் வயரைச் சுருட்டினேன். சொன்னால் மறுபடியும் செருகு, திருகு, எனக்கே திருப்பிக் கொடு என்பார். இந்த மனுஷனை எனக்குத் தெரியாதா.

"ஒண்ணும் இல்ல. நீங்க படுங்க."

சோபாவிலேயே குறட்டை விடத் தொடங்கினார். எத்தனை நாளாயிற்று அந்தக் குறட்டையைக் கேட்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து பல்பைத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. என் தலைக்குள் அப்படியொரு பல்பு கிடையாது. ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சற்று நேரத்தில் அவர் குறட்டை எனக்குக் கேட்கவில்லை.