மனுவின் ஒன்பதாம் பத்தி

அன்று பஸ் நிறுத்தத்துக்கு மேலிருக்கும் பாறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: சென்றாயனாகிய நான், என் மகன் வேல்முருகன், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்த என் வக்கீல் பூபதி, என்மேல் வழக்குப் போட்ட என் தங்கை கண்ணாயி. டில்லியில் எங்கள் வழக்கு நடப்பதைப் போனில் நேரலையாகப் பார்க்க வந்திருந்தோம். எங்கள் பக்கம் போனில் சிக்னல் எடுப்பது அந்தப் பாறையில் மட்டும்தான். இல்லாவிட்டால் அவளோடு ஒரே பாறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வழக்கு எங்கள் அப்பனின் மிளகுத் தோட்டத்தைப் பற்றியது. எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலம் இல்லை என்றேன்; கீழே இரண்டு கோர்ட்டும் ஒப்புக்கொண்டன. அவள் டில்லி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாள். அங்கே மூன்று தலைமை நீதிபதிகள் வந்து போகும்வரை எங்கள் வழக்குக் கட்டு அவிழவில்லை. நான்காமவர், பழைய வழக்குகளைத்தான் முதலில் எடுப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதினோரு மாதமாக அப்படியே செய்தார். இன்று இத்தனை கட்டு பிரித்தார் என்று பூபதி பேப்பரைப் பார்த்துப் போனில் சொல்வார். எங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் நான் கொடி கட்டப் போய்விடுவேன். அந்த நீதிபதி ஓய்வுபெற நான்கு நாள் இருக்கையில் எங்களுடையது வந்தது.

பத்தொன்பது வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கண்ணாயி என் மகனிடம்தான் சொன்னாள்.

“சாமி, உங்கப்பன கொஞ்சம் சாஞ்சு உக்காரச் சொல்லு. ஜட்ஜய்யா அங்கிருந்து பாக்க மாட்டாரு.”

வேல்முருகன் சிரித்துவிட்டான். நான் நிமிர்ந்தே இருந்தேன்.

போனில் தலைமை நீதிபதி ஒரு தாளை எடுத்து இங்கிலீஷில் வாசித்தார். பூபதியின் முகம் மாறியது.

“என்னங்க?” என்றேன்.

“நீங்க போட்ட பதில் மனுவுல ஒம்பதாம் பத்திங்க. அத எடுத்துரலாம்னு அன்னிக்கே சொன்னேனுங்களே.”

நான் பிடிவாதமாக எழுதச் சொன்ன பத்தி அது. விதவையாகத் திரும்பிவந்த அத்தைக்கு எங்கள் தாத்தா மேட்டுக் காட்டை அவள் பேரிலேயே கொடுத்தார். எங்கள் குடும்பம் எந்தப் பெண்ணையும் வெறுங்கையோடு விட்டதில்லை என்று காட்டத்தான் அதை எழுதச் சொன்னேன்.

“உங்க ஊட்லயே பொண்ணுக்கு நெலம் குடுத்துருக்கும்போது, எந்த வழக்கத்தச் சொல்றீங்கன்னு கேக்கறாருங்க.”

கொஞ்ச நேரத்தில் தீர்ப்பையும் பூபதியே சொன்னார். பாதித் தோட்டம் கண்ணாயிக்கு.

அவள் எழுந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

“அந்த ஒண்ண எழுதாம உட்டிருந்தா நீதான ஜெயிச்சிருப்ப, அண்ணா?”

“நடந்தத எப்படிப் புள்ள இல்லீன்னு எழுதறது?”

சேலையை உதறிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த நீதிபதி வீட்டுக்குப் போய்விட்டார். நான் நட்ட கொடிகளில் பாதி, புது வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

பேளுக்குறிச்சிச் சந்தையில், தங்கை அந்தப் பாறையிலேயே என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குப் பெருமை சேர்ப்பதாக அவர்களுக்கு நினைப்பு. அவள் விழவில்லை. நின்றபடிதான் பேசினாள்.