இயல்பான ரத்தம்

நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டும். அதற்காக எங்கள் ஆய்வகத்தில் யாரும் அலைவதில்லை. சோதனை செய்பவரே கையை நீட்டிவிடுவார். இந்த ஆய்வு தொடங்கியதிலிருந்து நான்தான் அந்த நல்ல ரத்தம்.

ரத்தத்திலுள்ள கொழுப்பைப் பிடித்து உள்ளே இழுக்க, செல்லின் மேல் ஒரு புரதம் உண்டு. சில குடும்பங்களில் செல்லே அந்தப் புரதத்தை அளவுக்கு மீறிச் சிதைத்துவிடும். கொழுப்பு ரத்தத்தில் தேங்கி, இளம் வயதிலேயே மாரடைப்பு வரும். அதைத்தான் ஆராய்கிறேன். ஆனால் நோயாளிக்கும் எனக்கும் எப்போதும் ஒரே முடிவு. ரசாயனம் விற்றவனைத் திட்டினேன், கருவியைத் திட்டினேன்.

இன்று மதியம் உடன் வேலை செய்யும் இம்மானுவேல் சலித்துப்போய்த் தன் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். நோயாளியிடமிருந்து நன்றாகவே வேறுபட்டது. ரசாயனத்தில் கோளாறில்லை.

“மேடம், அப்ப கோளாறு உங்க ரத்தத்துலதான்...” என்றார்.

அப்பா முப்பத்தெட்டு வயதில், உச்சி வெயிலில், வயலில் விழுந்து செத்தார். முனி அடித்தது என்றது ஊர். படித்தவளான நான் வெயில் என்றேன். பெரிய கண்டுபிடிப்பு! தம்பி சோலைக்கு இப்போது முப்பத்தேழு. கப்பலூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். காலையில் நெஞ்சு கரிக்கிறது என்றான். சோடா குடிக்கச் சொன்னதும் நான்தான்.

லிஃப்ட்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. படியில் ஓடிக்கொண்டே அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன்.

“என்னக்கா, லோடு ஏத்திக்கிட்டு இருக்கேன்.”

“போட்டுட்டு உக்காருடா! இன்னும் கரிக்குதா?”

“இல்லக்கா, இடது கைதான் வலிக்குது. இம்புட்டு மூட்டை தூக்குனா வலிக்காதா? சாயங்காலம் வாரேன்...”

“ஒரு அடி நடக்காத! அப்பாவை முனியும் அடிக்கல, வெயிலும் அடிக்கல. ஹார்ட் அட்டாக்குடா. அந்தக் கோளாறு நம்ம ரத்தத்துலயே இருக்கு. ஆம்புலன்ஸக் கூப்பிடச் சொல்லு!”

கூட மூட்டை தூக்கும் யாரையோ கூப்பிட்டான். “உக்காந்துட்டேன்க்கா. முத்துப்பாண்டி ஆம்புலன்ஸுக்கு அடிக்கிறான்.” அவன் குரலிலும் பயம் வந்திருந்தது. “எப்படிக் கண்டுபிடிச்ச? என் ரத்தத்த நீ எடுக்கவே இல்லையே.”

“என் ரத்தத்துலடா.”



“அப்ப நீ எதுக்குக்கா இப்படி மூச்சு வாங்க ஓடுற?”

பாதிப் படியில் நின்றுவிட்டேன். என் நெஞ்சு அடித்துக்கொள்வது அப்போதுதான் எனக்குக் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தபடி, மெதுவாக, நானும் உட்கார்ந்தேன்.